சுப்பராயலுவின் டேக் அவே

சுப்பராயலு குனிந்து ஆரணியில் யாரும் பார்த்ததில்லை. செருப்பு மாட்டுவதென்றால்கூட நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மறுகால் முழங்காலின்மேல் வைத்துத்தான் வாரை இழுத்துப் போடுவார். புடவை எடுக்க வரும் கல்யாண வீட்டார், "கடைக்காரரா இவரு, கலெக்டரா?" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வது அவர் காதில் விழும். விழுந்த மாத்திரத்தில் அந்த முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிரும். அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு முதுகு அமைவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. அவருடைய அப்பாவுக்கும் அதே முதுகுதான். எங்கள் குடும்பத்தில் எலும்பு அப்படி என்று அவர் சொல்வார். மரியாதை என்பதை அவர் அந்த எலும்பில்தான் வைத்திருந்தார்.

அந்த முதுகுக்குத் தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு சோதனை வந்தது.

மகள் மதிவதனியைப் போன ஆவணியில்தான் சென்னையில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்மந்தி ஜெயக்குமார் கப்பல் கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், சிரித்த முகம், வாரத்தில் நாலு நாள் கோல்ஃப். மகளைப் பார்க்கப் போன சுப்பராயலுவையும் அன்று பந்தடித்துப் பழகும் இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே சம்மந்தியின் நண்பர்கள் நாலு பேர், வெள்ளைத் தொப்பியும் ஒற்றைக் கையுறையுமாக நின்றிருந்தார்கள்.

"டீ வைக்கட்டுமா சார்?" என்று அங்கிருந்த பணியாள் கேட்டான்.

"வேணாம்பா. இப்பதான் காபி குடிச்சேன்" என்றார் சுப்பராயலு.

நாலு தொப்பிகளும் குலுங்கின. பந்தை நிறுத்திவைக்கும் சின்னக் குச்சிக்குத்தான் அங்கே டீ என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. கையில் மட்டையைக் கொடுத்து, "கொஞ்சம் குனியுங்க சம்மந்தி" என்றார் ஜெயக்குமார். சுப்பராயலு குனியவில்லை. கொடிக்கம்பம் போல நின்றபடியே, மழைக்குக் குடையைத் தூக்குகிற மாதிரி மட்டையைக் கையால் வெடுக்கென்று தூக்கி இறக்கினார். முதல் வீச்சு காற்றில் போயிற்று. இரண்டாவது, விரிப்பில் இடித்து மணிக்கட்டு வரை ஜிவ்வென்று ஏறியது. மூன்றாவதில் பந்து நகர்ந்தது. நகர்ந்து, பக்கவாட்டில் உருண்டு, ஒரு தொப்பிக்காரரின் காலடியில் போய் நின்றது.

"முதல் நாளுக்கு இதுவே அதிகம்" என்றார் அந்தத் தொப்பிக்காரர். அதைவிட அவர் சிரித்தே இருக்கலாம்.

மறுநாள் காலை ஆரணிக் கடையில் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு உட்கார்ந்தபோது, சம்மந்தியிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. சுப்பராயலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கடையைப் பணியாளரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அடுப்படியில் இருந்த மனைவி பச்சையம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மூன்றாம் முறையாக உரக்கப் படித்தார்.

"சம்மந்தி, வணக்கம். நேத்தே சொல்லணும்னு நினைச்சேன். நாலு பேர் முன்னாடி சொன்னா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன். உங்க டேக் அவே சரியில்ல. கை முதல்ல வந்துடுது, மத்ததெல்லாம் அப்புறமா தனித்தனியா வருது. எல்லாம் ஒண்ணா, ஒரே நேரத்துல வரணும். ஆரம்பம் சரியில்லன்னா அப்புறம் எதுவும் சரியா வராது. தப்பா நினைச்சுக்காதீங்க."

"டேக் அவேன்னா இன்னாங்க?" என்றாள் பச்சையம்மாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிரியாணிக் கடையில போர்டு போட்டுக்கீறானே, பாத்ததில்ல? கட்டி எடுத்துகினு போறது. பார்சல்." சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றினார். "நாம கட்டி எடுத்துகினு போன சீரைச் சொல்றாரு."

பச்சையம்மாளுக்குத் திக்கென்றது. தலைப்பொங்கலுக்கு மகள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோனபோது நடந்தது இருவருக்கும் நன்றாக நினைவிருந்தது. வெண்கலப் பானையும் மஞ்சளும் பழமும் கையோடு போயின. காரில் இடமில்லாததால் அரிசி மூட்டைகள் லாரியில் ஏறி, மாட்டுப்பொங்கல் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தன. சம்மந்தியம்மாவுக்கு நெய்த புடவையோ, முந்தானை முடியாமல் தறியிலேயே நின்றுவிட்டது. அது அதற்கும் நாலு நாள் கழித்துக் கூரியரில் போயிற்று.

"கை முதல்ல வந்துடுது, மத்தது தனித்தனியா வருது" என்று சுப்பராயலு மெதுவாகத் திரும்பச் சொன்னார். "எவ்ளோ நாசூக்கா எழுதிக்கீறாரு பாத்தியா? கையில கொண்டுபோனது மொதல்ல, மத்தது பின்னால. ஒரு மாசமா மனசுல வெச்சிகினு இருந்துக்கீறாரு."

"மதிக்கு ஒரு போன் போட்டு இன்னா ஏதுன்னு கேட்டுடலாமே."

"பெத்த பொண்ணு கிட்ட போய், உன் மாமனாரு மனசு கோணிகிச்சான்னு கேக்கச் சொல்றியா? அவ நாளைக்கு அந்த வீட்டுல எப்டித் தலைநிமிந்து நிப்பா?"

பச்சையம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நாற்பது வருஷத்தில் எந்த இடத்தில் பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

சுப்பராயலு பதில் எழுதினார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். "தாங்கள் சொன்னது நியாயம். வருகிற ஞாயிறு குடும்பத்தோடு ஆரணி வரவும். திருத்திக் காட்டுகிறேன்."

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "சபாஷ் சம்மந்தி! ஒரே வாரத்துல திருத்துறது கஷ்டம். ஆனா உங்களால முடியும். கண்டிப்பா என் செட்டோட வர்றேன்."

"செட்டோடவா?" சுப்பராயலு கைப்பேசியைக் கீழே வைத்தார். "அந்தத் தொப்பிக்காரன் நாலு பேரையும் கூட்டிகினு வராராம். சபையில வெச்சிப் பாக்கணுமாம். வரட்டும். பச்சை, ஞாயித்துக்கெழமை பதினாறு இலைக்குச் சமையல்."

அந்த ஒரு வாரம் வீட்டில் நின்று பேச யாருக்கும் நேரம் இல்லை. மறுபடி அதே சீர், ஆனால் ஒன்றுகூடப் பின்தங்கக் கூடாது. தறியில் இருந்ததிலேயே நல்ல புடவையை வெள்ளிக்கிழமைக்குள் நெய்து முடித்து அறுக்கச் சொன்னார். புது அரிசி இரண்டு மூட்டை பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து வந்தது. பானை, குத்துவிளக்கு, வாழைத்தார், வெல்லம், தேங்காய், அதிரசம், வேட்டி என்று எல்லாமாகப் பதினோரு தட்டு சேர்ந்தது. வீட்டுத் தெருவில் கார் நுழையாது. மில்லின் நெல் காயப்போடும் களத்தில்தான் நிற்கும். அதனால் களத்திலேயே வரவேற்பு என்று முடிவு செய்தார். பதினோரு பெண்கள் மில் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். கார் வந்ததும் அவர் ஒரு குரல் கொடுப்பார். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் திரும்பி, சம்மந்தியை நோக்கி நடப்பார்கள். எல்லாம் ஒன்றாக.

சனிக்கிழமை மாலை, நெல்லை வாரிய பிறகு களத்தில், தட்டுக்கு ஒரு தேங்காய் வைத்து ஒத்திகை நடந்தது. அவரிடம் நூல் சுற்றுகிற பாஞ்சாலைதான் வரிசையில் முதல் ஆள். முப்பது வருஷமாக அவரிடம் வேலை செய்கிறவள், மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

"ம், திரும்பு!" என்றார் சுப்பராயலு.

பதினோரு ஜோடிக் கைகள் தட்டோடு வலப்பக்கம் போயின. உடம்புகள் அங்கேயே நின்றன. மூன்று தட்டிலிருந்து தேங்காய் உருண்டு களத்தில் ஓடியது.

"கை முன்னாடி போவக்கூடாதும்மா! அதைத்தான் அவரு குத்தமா எழுதிக்கீறாரு. இன்னொரு தபா. ம்!"

இந்த முறை நாலு தேங்காய்.

"இன்னா ஐயா, கல்யாணம் முடிஞ்சி ஆறு மாசம் ஆவுது, இப்ப எங்களுக்கு டிரில்லு எடுக்கிறீங்க" என்றாள் பாஞ்சாலை. வரிசை சிரித்தது. "சும்மா பேஜார் பண்ணாதீங்க. நான் சொல்றேன். தட்டை நெஞ்சாண்ட வெச்சிகினு, கையை மறந்துடணும். தோளு, நெஞ்சு, இடுப்பு எல்லாம் சேந்து கதவாட்டம் திரும்பணும். தட்டு தானா வரும். தேங்கா அசையாது."

அவள் திரும்பிக் காட்டினாள். தேங்காய் அசையவில்லை. மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். நாலாவது முறை பதினோரு பேரும் ஒரே உடம்பு போலத் திரும்பியபோது சுப்பராயலு தம்மை மறந்து கைதட்டினார். எந்தச் சம்மந்தி வந்து குறை சொல்வான் இதை?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் களத்துக்குள் நுழைந்தது. ஒரே ஒரு கார். மாப்பிள்ளை எழிலரசன் ஓட்டிவந்தான். மதிவதனி, சம்மந்தியம்மா, கடைசியாக ஜெயக்குமார் இறங்கினார்கள். பின்னால் வேறு கார் எதுவும் வரவில்லை. பதினாறு இலையை நினைத்துப் பச்சையம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் பார்வை வாசலிலேயே நின்றது.

"ம்" என்றார்.

பதினோரு பெண்களும் திரும்பினார்கள். ஒரு கை முந்தவில்லை, ஒரு கால் பிந்தவில்லை, ஒரு தேங்காய் அசையவில்லை. பட்டும் பழமும் விளக்கும் ஒரே வீச்சில் வெயிலைப் பிடித்துக்கொண்டு சம்மந்தியை நோக்கி நடந்து வந்தன. பின்னால் இரண்டு அரிசி மூட்டைகள் தள்ளுவண்டியில் வந்தன.

ஜெயக்குமார் வாயைத் திறந்தபடி நின்றார். "என்ன சம்மந்தி இதெல்லாம்? எதுக்கு?"

சுப்பராயலு அந்த முகத்தைப் பார்த்தார். அதில் திருப்தியும் இல்லை, குறையும் இல்லை, வெறும் திகைப்புதான் இருந்தது. ஏதோ இடறுகிறது என்று அவருக்குப் பட்டது. அதற்குள் எழிலரசன் காரின் பின்கதவைத் திறந்து, ஆள் உயரத்துக்கு ஒரு தோல் பையை இறக்கினான். உள்ளே பத்துப் பன்னிரண்டு மட்டைகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

"சொன்னேன்ல, என் செட்டோட வர்றேன்னு" என்றார் ஜெயக்குமார், முகம் மலர்ந்து. "எங்க, காட்டுங்க. டேக் அவே திருந்திடுச்சா? மட்டையைப் பின்னால எடுக்கிற அந்த முதல் ஒரு அடிதான் சம்மந்தி, ஆட்டமே அதுலதான் இருக்கு. நீங்க அன்னிக்குக் கையால தூக்கிட்டீங்க. தோளு, கை, இடுப்பு எல்லாம் ஒண்ணாக் கெளம்பணும்."

சுப்பராயலுவுக்குக் காது இரண்டும் சூடாயின. எல்லாம் விளங்கிவிட்டது. பச்சையம்மாளுக்கும் விளங்கிவிட்டது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மில்லின் கூரையைப் பார்த்தாள்.

"இது எங்க ஊர் வழக்கம். மருமகனோட அப்பா மொதல்தடவை முறையா வரும்போது செய்யறது" என்றார் சுப்பராயலு. முதுகு நேராகவே இருந்தது. ஆரணியில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்பது அங்கிருந்த பதினோரு பேருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ஆனால் 'திருத்திக் காட்டுகிறேன்' என்று எழுதிக்கொடுத்தது கைப்பேசியில் அப்படியே இருக்கிறதே! சொன்ன சொல்லை மாற்றுவது அந்த வீட்டில் இல்லை. சம்மந்தியும் மாப்பிள்ளையும் பார்க்க, தன்னிடம் வேலை செய்யும் இத்தனை பேரும் பார்க்க, ஒரு வாரமாகத் தொடாத மட்டையைச் சுப்பராயலு கையில் வாங்கினார்.

களத்தின் கோடியில் மில்லின் உமி மலையாகக் குவிந்திருந்தது. அதற்கு நேராக ஒரு தென்னைநார் மிதியடியைப் போட்டார் ஜெயக்குமார். "டீ எங்க வெச்சேன்?" என்று பையைத் துழாவினார்.

"இதோ, போட்டு எடுத்துகினு வரேன்" என்று பச்சையம்மாள் திரும்பினாள்.

"அது குச்சிடி" என்றார் சுப்பராயலு அடங்கிய குரலில்.

பந்து வைத்தாயிற்று. சுப்பராயலு அதன் எதிரே நிமிர்ந்து நின்றார். அன்று போலவே கை வெடுக்கென்று மேலே போனது. மட்டை பந்துக்கு ஒரு சாண் மேலாகக் காற்றைக் கிழித்தது.

மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தான்.

"ஐயா!" என்று வரிசையிலிருந்து பாஞ்சாலை கத்தினாள். "தேங்கா உருண்டுடுச்சி!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சுப்பராயலு சட்டென்று தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபத்தில் பார்க்கிறார் என்று மதிவதனி பயந்துபோனாள். கோபம் இல்லை. நேற்று மாலை இதே களத்தில் நாலாவது தடவை நடந்தது அவர் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. கையை மறந்துடணும். கதவாட்டம் திரும்பணும்.

"சம்மந்தி" என்றார். "அன்னிக்குக் குனியச் சொன்னீங்க. குனியாம ஆட முடியாதா?"

"அது நான் சொன்ன விதம்தான் தப்பு" என்றார் ஜெயக்குமார். "முதுகு வளையவே கூடாது. இடுப்புல மட்டும் மடங்கணும். உங்க முதுகு மாதிரி ஒண்ணு அமையாதான்னு எங்க கிளப்புல ஏங்குறாங்க."

அதை முன்பே சொல்லியிருக்கலாமே மனுஷன்! சுப்பராயலு முழங்காலைச் சற்று இளக்கினார். முதுகு பலகை போல இருக்க, இடுப்பில் மட்டும் மடங்கினார். மட்டையைப் பிடித்திருந்த இரு கைகளையும் தட்டு என்று நினைத்துக்கொண்டார். அதன்மேல் ஒரு தேங்காயை வைத்தார். பிறகு கையை மறந்தார்.

"ம்" என்றார் தனக்குத்தானே.

தோளும் நெஞ்சும் கையும் ஒன்றாகப் புறப்பட்டன. மட்டையின் தலை தரையை ஒட்டியே பின்னால் போனது. இடுப்பு கூடவே திரும்பியது, பாரம் வலது காலில் வந்து இறங்கியது. எதுவும் முந்தவில்லை. மட்டை எப்போது மேலே ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. திரும்பின உடம்பு தானாக மறுபடி திரும்பி வந்தது. டக் என்று ஒரு சத்தம். கையில் ஒன்றுமே பட்ட மாதிரி இல்லை. வெண்மையாக ஏதோ எழும்பிப் போய், உமி மலையின் நடுவில் பொத்தென்று புதைந்து, தூசு கிளப்பியது.

"ஆகா!" என்றார் ஜெயக்குமார். ஓடிவந்து சம்மந்தியின் இரு தோளையும் பிடித்துக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா எனக்கே இப்படி வரல சம்மந்தி. ஒரே வாரத்துல எப்படி? யாரு சொல்லிக் குடுத்தது?"

"பாஞ்சாலை" என்றார் சுப்பராயலு.

பாஞ்சாலை தட்டோடு நின்றபடியே, "ஆமா, எனக்கு இன்னா தெரியும்? ஐயாவுக்குத் தேங்கா மேல கவலை" என்றாள்.

சாப்பாட்டுப் பந்தியில் பதினாறு இலை விரிந்தது. விருந்தாளி நாலு பேர்தான் என்பதால் பாஞ்சாலையையும் மற்றவர்களையும் உட்காரவைத்துப் பச்சையம்மாள் பரிமாறினாள். பாயசம் வரும்போது சுப்பராயலு தாமாகவே வாயைத் திறந்தார். பந்து உமியில் புதைந்த பிறகு அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. தோற்றவன் சொன்னால் அது மன்னிப்பு. ஜெயித்தவன் சொன்னால் அது கதை. இதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"சம்மந்தி, உங்க டேக் அவேயை நான் இன்னான்னு நெனச்சேன் தெரியுமா?" என்று ஆரம்பித்து, பிரியாணிக் கடை போர்டு, லாரியில் போன அரிசி, கூரியரில் போன புடவை, தொப்பிக்கார செட்டு, களத்து டிரில்லு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஜெயக்குமார் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "ஐயோ, புடவை லேட்டா வந்ததே எனக்குத் தெரியாதே!" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அதுவரை பேசாதிருந்த சம்மந்தியம்மா. "ஆனா நான் எழுதல."

அவ்வளவுதான். சுப்பராயலுவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இலைக்கு மேலே நெற்றி படும் அளவுக்கு வளைந்து சிரித்தார். பெற்ற நைனாவின் முதுகு அப்படி வளையும் என்பது மதிவதனிக்கே அன்றுதான் தெரிந்தது.

நாலு மணிக்குப் புறப்பாடு. பதினோரு தட்டுப் பொருளும் காரில் ஏறின. கடைசியில் அரிசி மூட்டைகளைத் தூக்கி வந்தபோது பின்பக்கத்தில் இடம் இல்லை. கோல்ஃப் பை குறுக்கே படுத்திருந்தது.

"பரவால்ல மாமா, அரிசியை லாரியில போட்டு விடுங்க. மெதுவா வரட்டும்" என்றான் எழிலரசன்.

சுப்பராயலு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். காரின் பின்பக்கம் போய், தோல் பையைத் தாமே இழுத்து இறக்கி, மில் சுவரில் சாய்த்து வைத்தார். அது இருந்த இடத்தில் இரண்டு மூட்டையும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன.

"எல்லாம் ஒண்ணாப் போவணும்" என்றார்.

"அப்ப நான் எதை வெச்சு ஆடறது சம்மந்தி?"

"வர்ற ஞாயித்துக்கெழமை இங்க வாங்க" என்றார் சுப்பராயலு. "உங்க டேக் அவேயும் பன்னெண்டு வருஷமா சரியா வரலன்னு நீங்கதானே சொன்னீங்க? பாஞ்சாலை கிட்ட சொல்லி வெக்கிறேன்."